பழைய படகு என்ஜினில் கேம் ஷாஃப்ட் மாற்றி டைமிங் வைப்பது: முதல் முறை செய்பவர்களுக்கு

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்துவிட்டால் இலங்கையின் மேற்குக் கரையில் சிறிய படகுகளுக்குத் தொழில் குறைந்துவிடும். கொழும்பு முகத்துவாரத்திலும் களனி கங்கை கடலோடு சேரும் பக்கத்திலும் படகுகள் சும்மா கிடக்கும் அந்த மாதங்கள்தான் என்ஜினைத் திறக்கத் தோதான காலம். அவசரப்படுத்த யாரும் இருக்க மாட்டார்கள். சாமான் கிடைக்க ஒரு கிழமை பிந்தினாலும் பெரிய நட்டமில்லை.

நான் சொல்லப்போவது வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் புளொக்குக்குள்ளேயே பக்கவாட்டில் இருக்கும், அதன் அசைவை மேலே கொண்டுபோகும் புஷ் ரொட் என்ற கம்பிகள் வைத்த, கியரால் சுற்றும் பழைய நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின்களைப் பற்றி. எடுத்துக்காட்டுக்கு பேர்கின்ஸ் 4.236 ஐ வைத்துக்கொள்கிறேன். உங்களுடையது லிஸ்டராகவோ கெல்வினாகவோ இருந்தால் அளவுகளை அந்த என்ஜினின் புத்தகத்தில் பாருங்கள், வேலை செய்யும் முறை பெரிதாக மாறாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமைக் கழற்றிப் பூட்டுவதில் பொறுமை இருந்தால் போதும். ஆபத்து வருவது அதற்குப் பிறகு, கியர்களில் உள்ள மார்க் சேர்ந்துவிட்டதே என்று நம்பி நேரே ஸ்டார்ட்டரை அழுத்தும் நேரத்தில். மார்க் சேர்ந்தாலும் டைமிங், அதாவது வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடுவது, சரிதான் என்று கையால் சுற்றி, அளந்து, கண்ணால் கண்ட பிறகுதான் பற்றரி வயரைக் கொழுவ வேண்டும். இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேம்தான் தேய்ந்ததா?

என்ஜினில் பலம் குறைந்து, ஒரு சிலிண்டர் மட்டும் சோர்ந்து வேலை செய்தால் பலரும் இன்ஜெக்டரைத்தான் முதலில் கழற்றுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் எயார் கிளீனர் பக்கம் ‘டப் டப்’ என்று பின்னடி கேட்டால் எக்ஸோஸ்ட் லோப்பை, அதாவது புகை போகும் வால்வைத் தள்ளும் கேமின் மேட்டை, சந்தேகியுங்கள். எரிந்த புகை வெளியேற வழியில்லாமல் சிலிண்டருக்குள் தங்கிவிடுகிறது. இன்லெட் வால்வு திறந்தவுடன் அந்த வழியால் பின்னுக்குப் பாய்கிறது.

உறுதிப்படுத்த ரொக்கர் கவரைக் கழற்றுங்கள். முதலில் எல்லா வால்வுகளுக்கும் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ரொக்கருக்கும் இடையிலான வெளியை, சரியாக வையுங்கள். பிறகு ஒவ்வொரு வால்வும் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து எழுதுங்கள். நான்கு இன்லெட்டும் தங்களுக்குள் ஒத்திருக்க வேண்டும், நான்கு எக்ஸோஸ்ட்டும் அப்படியே. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ குறைந்தால் அந்த லோப்பின் மூக்கு தேய்ந்துவிட்டது. இதற்குப் புத்தகம்கூடத் தேவையில்லை, நல்ல லோப்புகளே சாட்சி.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. லோப்பின் மூக்கு தேய்ந்தால் வால்வு திறக்கும் அளவு குறையும், ஆனால் டெப்பட் (லோப்புக்கும் புஷ் ரொட்டுக்கும் இடையில் நிற்கும் துண்டு) கிளியரன்ஸ் மாறாது. ஏனென்றால் கிளியரன்ஸை நாம் அளப்பது லோப்பின் முதுகுப் பக்கத்தில். எத்தனை முறை செட் பண்ணினாலும் ஒரு கிளியரன்ஸ் மட்டும் திரும்பத் திரும்ப அகன்றுகொண்டே போனால், அங்கே டெப்பட்டின் முகம் கரைந்துகொண்டிருக்கிறது.

தேய்ந்தது தெரிந்தால் ஏன் தேய்ந்தது என்று தேடாமல் புதுக் கேம் வாங்க வேண்டாம். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் பம்பின் சீல், ஹீட் எக்ஸ்சேஞ்சர், தண்ணீரால் குளிரும் எக்ஸோஸ்ட் மேனிபோல்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒயில் தண்ணீராய் இளகி டீசல் மணம் அடித்தால், தொட்டியிலிருந்து டீசலை இழுக்க என்ஜின் பக்கத்தில் பூட்டிய லிஃப்ட் பம்பின் டயப்ரம் கிழிந்து, அடியில் ஒயில் தங்கும் சம்புக்குள் டீசல் வடிகிறதா என்று பாருங்கள். படகு மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் ஈரக்காற்றிலேயே லோப்புகளில் துருப் புள்ளி விழும். ஓடத் தொடங்கியதும் அந்தப் புள்ளியிலிருந்துதான் உரியத் தொடங்கும்.

சாமான் தேடுவது

கொழும்பில் பழைய என்ஜினுக்குச் சாமான் என்றால் பஞ்சிகாவத்தைதான். நட், போல்ட்டு, ஸ்டட், ஒயில் சீல் வகைகளுக்குப் பழைய சோனகத் தெருப் பக்கம் போகலாம். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்திலும் ஞாயிறிலும் போய் ஏமாற வேண்டாம். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ தொழுகை நேரத்தில் பல கடைகள் பூட்டியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

பேர்கின்ஸ் என்ஜின்கள் மெசி பேர்குசன் டிராக்டரிலும் வேறு பல இயந்திரங்களிலும் வந்தவை. அதனால் ‘இது டிராக்டர் கேம், அப்படியே போகும்’ என்று கடையில் சொல்வார்கள். போகவும் கூடும். என்றாலும் புளொக்கில் அடித்திருக்கும் என்ஜின் இலக்கத்தை முழுதாக எழுதிக்கொண்டு போங்கள், முடிந்தால் பழைய கேமையே கையில் கொண்டு போங்கள். கவுன்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து மொத்த நீளம், ஜேர்னல்களின் (பேரிங்கில் உட்காரும் பகுதிகள்) விட்டம், கியர் பூட்டும் முகப்பு, கியரை நிலைநிறுத்தும் சாவிக் காடி அல்லது ஊசி இருக்கும் இடம், லிஃப்ட் பம்பைத் தட்டும் வட்டம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். முதல் லோப்புக்கும் கடைசி லோப்புக்கும் இடையிலான கோணம் இரண்டு கேமிலும் ஒன்றா என்பதையும் பாருங்கள். இரட்டை என்ஜின் போட்ட பழைய பெற்றோல் படகு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அவற்றில் ஒரு என்ஜின் எதிர்ப்பக்கமாகச் சுற்றக்கூடும், அதற்குரிய கேம் வேறு.

புதுக் கேம் போட்டால் டெப்பட்டும் எல்லாமே புதிதாகத்தான் இருக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய டெப்பட்டின் முகம் பழைய லோப்புக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். அதைப் புது லோப்பின் மேல் வைத்தால் ஒரு ஓரம் மட்டும் அழுந்தி, புதுக் கேமின் மேல்தோலைச் சீக்கிரமே உரித்துவிடும். கையில் காசு இல்லையென்றால் கொஞ்ச நாள் பொறுத்து இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்.

பழையதையே அரைத்து எடுத்துத் தருவதாகச் சொல்லும் பட்டறைகளும் உண்டு. கிடைக்கவே கிடைக்காத என்ஜினுக்கு அது ஒரு வழிதான். ஆனால் கேமின் கடினமான தோல் மெல்லியது. ஆழமாக அரைத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அரைத்த பிறகு திரும்பக் கடினப்படுத்துவார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

படகுக்குள் வைத்தா, தூக்கி எடுத்தா?

படகுக்குள் வைத்தே முடிக்கலாம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கேம் முன்பக்கமாகத்தான் உருவப்படும். ஆகவே என்ஜினின் முன்னால் கேமின் நீளத்துக்கு மேல் வெறும் இடம் வேண்டும். அந்த இடம் இருந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இத்தகைய பழைய என்ஜின்கள் பலவற்றில் டெப்பட் காளான் வடிவம், தலை கீழே இருக்கும், மேலே உருவ வராது. சம்பைக் கழற்றிக் கீழிருந்துதான் எடுக்க வேண்டும். பெரும்பாலான படகுகளில் சம்புக்கும் அடித்தளத்துக்கும் இடையில் கைகூடப் போகாது. ஆக, உள்ளேயே வைத்துச் செய்வது என்றால் பழைய டெப்பட்டை அப்படியே விட்டுவிடுவது என்று அர்த்தம். அதனால் தூக்குங்கள்.

4.236 கியர்பொக்ஸோடு 400 கிலோவுக்குக் குறையாது. சட்டம் அடித்து செயின் புளொக்கில் தூக்குங்கள். படகின் கூரை மரத்தில் கட்டித் தூக்க வேண்டாம். தூக்குமுன் பற்றரியைக் கழற்றி, கடல் தண்ணீர் வால்வை மூடி, ஒயிலையும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். பழைய ஒயில் ஒரு சொட்டும் துறைமுகத் தண்ணீரில் விழக்கூடாது.

டொப்பைச் சரியாகக் கண்டுபிடிப்பது

எதையும் கழற்றுமுன் முதலாம் சிலிண்டரை டொப்புக்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு, கொண்டுவர வேண்டும், அதுவும் இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்பிரஷன் டொப்புக்கு. 4.236 இல் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றும் நான்கும் சேர்ந்தே மேலே வரும். என்ஜினை ஓடும் திசையில் மெல்லச் சுற்றி, நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளையும் கவனியுங்கள். எக்ஸோஸ்ட் மூடிக்கொண்டு வர, இன்லெட் திறக்கத் தொடங்கும் அந்த ஆட்டத்தில் நிறுத்தினால் முதலாம் சிலிண்டர் கம்பிரஷன் டொப்பில் நிற்கும்.

முன் புலியில் (பெல்ட் ஓடும் முன் சக்கரம்) உள்ள மார்க்கை மட்டும் நம்ப வேண்டாம். ரப்பர் வைத்த புலிகளில் வெளி வளையம் வருடக்கணக்கில் நழுவியிருக்கும். உண்மையான டொப்பை நீங்களே கண்டுபிடிக்கலாம். முதலாம் சிலிண்டர் பிஸ்டன் மேலே நிற்கும்போது அதன் ஒரு வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். வால்வின் தண்டில் ஒரு ரப்பர் வளையத்தை இறுக்கமாகப் போடுங்கள், சிலிண்டருக்குள் விழுந்துவிடாமல் அது தாங்கும். வால்வை மெல்ல இறக்கினால் பிஸ்டன் தலையில் உட்காரும். தண்டின் நுனியில் டயல் கேஜை வையுங்கள். பிஸ்டன் உச்சியில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பதுபோல் இருப்பதால் உச்சியைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஆகவே டைமிங் கவரைக் கழற்றினாலும் அசையாத ஒரு இடத்தில் கம்பி முள் ஒன்றைப் பூட்டி, உச்சிக்கு 1 மில்லிமீட்டர் கீழே ஏறும் பக்கத்தில் முள்ளுக்கு நேரே புலியில் ஒரு கோடும், இறங்கும் பக்கத்தில் அதே 1 மில்லிமீட்டரில் இன்னொரு கோடும் கீறுங்கள். இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவேதான் டொப். அங்கே வெள்ளைப் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள். புலியைக் கழற்றினாலும் சாவிக் காடி அதைத் திரும்ப அதே இடத்தில்தான் உட்கார வைக்கும்.

இது முடிந்ததும் ஸ்பிரிங்கை மறக்காமல் திரும்பப் பூட்டுங்கள்.

கழற்றுவது

பெல்ட், புலி, டைமிங் கவர் என்று வரிசையாகக் கழற்றுங்கள். புலிக்கு இழுக்கும் கருவியான புலர் போடுங்கள், சுத்தியல் வேண்டாம். கவர் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை.

கியர்களைக் கண்டதும் மார்க்கைத் தேடுவீர்கள். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் பெரிய தண்டு) கியர், நடுவில் நின்று சுழற்சியைக் கடத்தும் ஐட்லர், கேம் கியர், இன்ஜெக்ஷன் பம்ப் கியர் எல்லாவற்றிலும் புள்ளியோ கோடோ இருக்கும், ஆனால் அவை நேராகச் சேர்ந்து நிற்காது. பயப்பட வேண்டாம். ஐட்லரின் பல் எண்ணிக்கை காரணமாக அதன் மார்க்குகள் பல சுற்றுக்கு ஒருமுறைதான் சேரும். அதற்காகச் சுற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். முதலாம் சிலிண்டர் டொப்பில் நிற்கும் இந்த நிலையிலேயே, பல்லும் பல்லும் கடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் கிறீஸைத் துடைத்துவிட்டு உங்கள் சொந்தக் குறியை வையுங்கள். பெயின்ட் கழுவுப்பட்டுப் போகலாம், ஆகவே சென்டர் பஞ்சாலும் மெல்ல ஒரு புள்ளி குத்துங்கள். போனில் நேர் எதிரே நின்று படமும் எடுங்கள்.

கேம் கியரை மட்டும் கழற்றி ஐட்லரைத் தொடாமல் விட்டால் கிராங்க்கும் பம்பும் ஒன்றையொன்று பிடித்தபடியே இருக்கும். பம்ப் டைமிங் கெடாது. ஐட்லரில் தேய்மானம் இல்லையென்றால் அதைக் கழற்றாமல் விடுவது புதியவருக்குப் பெரிய நிம்மதி.

ரொக்கர் ஷாஃப்ட்டை எடுத்து, புஷ் ரொட்டுகளை இலக்கம் போட்ட அட்டையில் வரிசையாகக் குத்துங்கள். லிஃப்ட் பம்பைக் கழற்ற மறக்கக்கூடாது. அதன் நெம்பு கேமில் படிந்திருக்கும், இருக்க விட்டுக் கேமை இழுத்தால் இரண்டில் ஒன்று உடையும். இனி என்ஜினைத் தலைகீழாகத் திருப்பிச் சம்பைக் கழற்றுங்கள். டெப்பட்டுகள் தங்கள் பாரத்தாலேயே கேமை விட்டு விலகிக் கிடக்கும். கேமின் முகப்பில் நீளமான போல்ட்டு ஒன்றை முறுக்கினால் நல்ல பிடி கிடைக்கும். ஒரு கையால் பிடித்துச் சுற்றிச் சுற்றி இழுக்க, இன்னொருவர் உள்ளிருந்து தாங்க வேண்டும். லோப்பின் ஓரம் கூர்மையானது. பேரிங் துளையில் உரசினால் கீறிவிடும்.

வெளியே வந்த கேமைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல லோப்பில் நகத்தை ஓட்டினால் எதுவும் தட்டுப்படாது. தேய்ந்த லோப்பின் மூக்கு தட்டையாகி, ஓரத்தில் ஒரு விளிம்பு நிற்கும், நகம் அதில் சிக்கும். அதற்கு நேரான டெப்பட்டின் முகத்தில் குழிகள் இருக்கும். உரிந்த அந்த உலோகம் எங்கே போனது என்று யோசியுங்கள். ஒயில் பம்பின் சல்லடையையும் ஒயில் ஓடும் துளைகளையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, காற்றால் ஊதாமல் புதுக் கேமைக் கிட்டக் கொண்டுவரவே கூடாது.

பூட்டுவது

புதுக் கேமில் துரு பிடிக்காமல் பூசிய மெழுகு இருக்கும், கழுவித் துடையுங்கள். இரண்டு வீ-புளொக்கில் வைத்து, நடு ஜேர்னலில் டயல் கேஜை வைத்துச் சுற்றினால் வளைவு இருந்தால் காட்டிக்கொடுக்கும். கடையில் நிமிர்த்தி வைக்காமல் படுக்கப் போட்டிருந்த கேம்களை நான் சோதிக்காமல் போடுவதில்லை.

முதலில் புது டெப்பட்டுகள். ஒவ்வொன்றும் துளைக்குள் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், சிக்கக்கூடாது. ஓடும்போது டெப்பட் தானும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தால்தான் முகம் சமமாகத் தேயும். டெப்பட் முகத்திலும் லோப்பிலும் மொலிப்டினம் கலந்த பூட்டும் பசையைத் தடவுங்கள், ஜேர்னல்களுக்கு என்ஜின் ஒயில் போதும். கேமை உள்ளே விட்டதும் அது முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் தட்டு, பிறகு கியர். கியரைக் கேமோடு சேர்க்கும் இடத்திலும் சில என்ஜின்களில் ஒரு எழுத்துக் குறி இருக்கும். போல்ட்டுத் துளைகள் சம தூரத்தில் இருந்தால் கியர் மூன்று விதமாகவும் உட்காரும், அதில் ஒன்றுதான் சரி. உங்கள் சொந்தப் புள்ளிகள் ஐட்லரோடு சேர்கின்றனவா என்று பார்த்து, பூட்டு வாஷரை மடியுங்கள்.

டைமிங்கை நிரூபிப்பது

இனி நிதானமாக வாசியுங்கள்.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கேம் கியரில் 60 பல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் தவறினால் கேம் 6 பாகை விலகும், கிராங்க் கணக்கில் அது 12 பாகை. முன் புலியின் விட்டம் 180 மில்லிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 565. ஒரு பாகைக்கு 1.57 மில்லிமீட்டர் வரும். ஆக, ஒரு பல் பிழை புலியின் ஓரத்தில் 19 மில்லிமீட்டராகத் தெரியும். தையல்காரரின் அளவு நாடாவே அதைப் பிடித்துவிடும். இவ்வளவு பெரிய பிழையைத்தான் அளக்காமல் விட்டுவிட்டு, ஸ்டார்ட்டரை அழுத்திய பிறகு கண்டுபிடிக்கிறார்கள். டைமிங் பிழைத்தால் ஸ்டார்ட் ஆக மாட்டாமல் கறுப்புப் புகை தள்ளலாம். வால்வு பிஸ்டனில் அடித்து, புஷ் ரொட் வளையவும் கூடும்.

புஷ் ரொட்டையும் ரொக்கரையும் பூட்டுங்கள். இன்ஜெக்டர்களை வெளியே எடுத்துவிட்டால் கம்பிரஷன் தடுக்காது. கிராங்க் நட்டில் ஸ்பனரை வைத்து, ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது கட்டியாக முட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தாலும் வால்வு வளைந்துவிடும்.

தடையின்றிச் சுற்றினால், முதலாம் சிலிண்டரின் இன்லெட் கிளியரன்ஸைப் புத்தகத்தில் டைமிங் சோதனைக்கென்று சொன்ன அளவில் வையுங்கள். இது ஓட்டத்துக்கு வைக்கும் கிளியரன்ஸாக இருக்க வேண்டியதில்லை. இப்போது அந்த புஷ் ரொட்டைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து உருட்டிக்கொண்டே இருங்கள், இன்னொருவர் கிராங்க்கை மிக மெல்லச் சுற்றட்டும். ரொட் சுலபமாகச் சுழலும், சுழலும், திடீரென்று விரலில் ஒரு கனம் ஏறும். அந்தக் கணத்தில் ‘நில்’ என்று சொல்லுங்கள். வால்வு திறக்கத் தொடங்கும் இடம் அதுதான். புலியில் டொப் கோட்டிலிருந்து முள்வரை நாடாவால் அளந்து பாகையாக மாற்றி, புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஓரிரு பாகை வித்தியாசம் கியர் தேய்மானத்தால் வரும், பொறுத்துக்கொள்ளலாம். பத்துக்கு மேல் வந்தால் பல் தவறியிருக்கிறது, கியரைத் திரும்பக் கழற்றுங்கள்.

‘நில்’ என்ற இடத்தைத் தாண்டிவிட்டால் கொஞ்சமாகப் பின்னுக்குத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். கியர்களின் இடைவெளி எதிர்ப்பக்கம் போய் அளவு பொய்யாகும். கால் சுற்று பின்னுக்குப் போய், முன்பக்கமாகவே திரும்ப வாருங்கள்.

இதன் பிறகு ஓட்டத்துக்குரிய கிளியரன்ஸ். 4.236 இல் குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீட்டர், பட்டறைப் பேச்சில் 12 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 12). எந்தச் சிலிண்டரை எப்போது என்பதை நினைவில் வைக்க எளிய வழி, வால்வு ஆடும் சிலிண்டரின் இலக்கத்தையும் செட் பண்ணும் சிலிண்டரின் இலக்கத்தையும் கூட்டினால் ஐந்து. நான்காம் சிலிண்டர் வால்வுகள் ஆடும்போது ஒன்றைச் செட் பண்ணுங்கள், இரண்டு ஆடும்போது மூன்றை, ஒன்று ஆடும்போது நான்கை, மூன்று ஆடும்போது இரண்டை.

முதல் ஸ்டார்ட்

என்ஜினைப் படகில் இறக்கி, டீசலில் உள்ள காற்றை எடுத்த பிறகு ஸ்டொப் நெம்பை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஒயில் பிரஷரை ஏற்றுங்கள். இந்த நேரத்தில் கடல் தண்ணீர் வால்வு மூடியிருக்கட்டும். எக்ஸோஸ்ட்டில் தண்ணீர் கலந்து வெளியேறும் படகுகளில், என்ஜின் ஓடாமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றினால் பம்ப் தள்ளும் தண்ணீரை வெளியே ஊதப் புகை இருக்காது. அது எக்ஸோஸ்ட்டில் நிறைந்து பின்னுக்கு ஏறி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். என்ஜின் பிடித்த உடனே வால்வைத் திறந்து, பின்னால் தண்ணீர் வருகிறதா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிடித்ததும் ஐட்லிங்கில் விடாமல் 1,500 சுற்றில் ஒரு 20 நிமிடம் ஓட விடுங்கள். லோப்புகளுக்கு ஒயில் தெறிப்பது வேகத்தில்தான், புது லோப்பும் புது டெப்பட்டும் ஒன்றோடொன்று படிவது இந்த நேரத்தில்தான். ஒயில் பிரஷர் இறங்கினாலோ ஒரு தட்டல் கூடிக்கொண்டே போனாலோ உடனே நிறுத்துங்கள்.

ஷாஃப்ட் கப்ளிங்கின் நேரைப் படகு தண்ணீரில் மிதக்கும்போதே பாருங்கள், கரையில் பார்த்த அளவு தண்ணீரில் மாறிவிடும். இரண்டு முகங்களுக்கும் இடையில் பீலர் கேஜை நாலு பக்கமும் விட்டுப் பார்த்து, கப்ளிங்கின் விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு தௌ என்ற கணக்குக்குள் வித்தியாசம் நிற்க வேண்டும். முதல் ஓட்டத்தை அலைதடுப்புச் சுவருக்கு உள்ளேயே முடியுங்கள்.

ஏறக்குறைய 25 மணி நேரம் ஓடிய பிறகு ஒயிலையும் பில்டரையும் மாற்றி, வால்வுக் கிளியரன்ஸைத் திரும்பப் பாருங்கள். கழற்றிய பில்டரை வெட்டி, கடதாசியை விரித்து ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் ஒட்டினால் அது புதுச் சாமான் படிந்ததன் அடையாளம், தொழிலுக்குப் போகலாம். செதில் செதிலாக ஒட்டினால் கடலுக்குப் போகாமல் ரொக்கர் கவரைத் திறந்து, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று திரும்ப அளந்து பாருங்கள்.